டிரம்மைத் தொடுவதற்கு முன்னால்

தூத்துக்குடி
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

சிகாகோவில் நீ பிடித்த பழைய ஸ்நேர் டிரம்மை எடுத்து அனுப்பிய ஏழு போட்டோவையும் பார்த்தேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் அம்மாவுக்கு எரிச்சல். "கல்யாண ஆல்பத்தைக்கூட இந்த மனுஷன் இப்படிப் பார்த்ததில்லை" என்கிறாள்.

நல்ல சாமான்தான் பிடித்திருக்கிறாய் பாப்பா. லுட்விக் கம்பெனியின் சுப்ராஃபோனிக் மாடல், பதினாலு இஞ்ச் அகலம், அஞ்சு இஞ்ச் ஆழம், தோலை இறுக்குகிற திருகுகளைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் லக் பத்து. நீலமும் ஆலிவ் பச்சையுமாக இருக்கிற அந்த பேட்ஜ் 1969 வாக்கில் வந்தது. அதனால் எழுபதுகளின் சாமானாக இருக்கலாம். 1909-இல் அண்ணன் தம்பி இரண்டு பேர் சிகாகோவில் ஆரம்பித்த கம்பெனி அது. டாமன் அவென்யூவில்தான் அவர்கள் ஃபாக்டரி இருந்தது. 1984-இல் வட கரோலினாவுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உன் டிரம் பிறந்த ஊரைவிட்டு எங்கும் போகாமல் அங்கேயே உன் கையில் வந்து விழுந்திருக்கிறது.

ஆனால் கடைசியில் எழுதியிருந்தாயே, "நாளைக்கே தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறேன்" என்று, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. வாட்ஸப்பில் சொன்னால் நாலு துண்டாகப் போகும், நீயும் பாதியைக் கேட்டுவிட்டு விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். துணியை எடுப்பதற்கு முன்னால் இது என்ன உலோகம் என்று தெரிந்துகொள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

குரோம் பூசிய டிரம் எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே இரும்பா, பித்தளையா, அலுமினியமா என்பதைக் கறையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இரும்பென்றால் செம்பழுப்புத் துரு. பித்தளையென்றால் பச்சைக் களிம்பு. அலுமினியமென்றால் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரிப் பொடி. உன் மூன்றாவது போட்டோவில் லக்குக்குக் கீழே அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளி புள்ளியாக இருக்கிறது பார், அதன் நடுவில் வெள்ளைப் பொடி. அலுமினியம், சந்தேகமே இல்லை. அறுபதுகளின் ஆரம்பம் வரை இந்த மாடலைப் பித்தளையில்தான் செய்தார்கள். அப்புறம் அலுமினியத்துக்கு மாறினார்கள். எடை குறைந்தது, சத்தமும் மாறியது. கூடவே இந்தப் புள்ளி வியாதியும் வந்து சேர்ந்தது.

வெறும் அலுமினியத்தைக் காற்றில் விட்டால் அது தனக்குத் தானே மெல்லிய தோல் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். இதே கம்பெனியின் அக்ரோலைட் என்ற மலிவு மாடலில் குரோம் கிடையாது, அந்தத் தோலையே மின்சாரம் பாய்ச்சி, அதாவது ஆனோடைஸ் செய்து, கெட்டிப்படுத்தி விட்டார்கள். அதில் இந்தப் புள்ளியைப் பார்ப்பது அபூர்வம். விலை கூடின டிரம்முக்கு வந்த வியாதி விலை குறைந்ததற்கு வரவில்லை! சுப்ராஃபோனிக்கில் அழகுக்காக மேலே குரோம். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. வேர்வையோ உப்புக் காற்றோ அது வழியாக உள்ளே இறங்கினால், இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நிற்கிறது. அது ஒரு குட்டி பேட்டரி. அந்த பேட்டரியில் கரைந்து போவது அலுமினியம்தான். கரைந்தது வெள்ளைப் பொடியாகி உப்பிக்கொண்டு வரும்போது மேலே இருக்கிற குரோமைத் தள்ளிக் கொப்புளமாக்கி உரித்துவிடும்.

இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்கிறாயா? நீ சின்னப் பிள்ளையில் கற்றுக்கொண்ட டிரம் ஞாபகம் இருக்கிறதா, ஒரு பக்கம் முழுக்கத் தோல் உரிந்த மாதிரி இருக்குமே? "அப்பா, இதுக்கு என்ன காயம்?" என்று கேட்பாய். நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது சொல்கிறேன்.

அதைத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கினேன். கல்யாணம் ஆவதற்கு முன்னால். அதுவும் உன்னுடையது மாதிரிதான், அலுமினியம், மேலே குரோம். அதுவரை நான் பேண்டில் வாசித்ததெல்லாம் பித்தளை சைடு டிரம். பித்தளை என்றால் நம் வீட்டில் என்ன செய்வோம்? ஆச்சி குத்துவிளக்கைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்பாள், தங்கம் மாதிரி வந்துவிடும். மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. நானும் புளியைக் கரைத்து, கல்லுப்பை அள்ளிப் போட்டு, கெட்டியாகப் பூசி, "நன்றாக ஊறட்டும்" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். விடிந்து கழுவினேன். துணியோடு குரோம் வந்தது. மீன் செதில் மாதிரி, சின்னச் சின்னதாக. நிறுத்தத் தோன்றாமல், ஓரத்தைச் சமன் செய்கிறேன் என்று இன்னும் தேய்த்தேன். ஒரு சாண் அகலத்துக்குப் போய்விட்டது. புளிப்பு ஒரு பக்கம் தின்றது, உப்பு ஒரு பக்கம் தின்றது, மிச்சத்தை நான் தின்றேன். திருவிழாவில் அந்தப் பக்கத்தை என் வயிற்றோடு ஒட்டித் திருப்பி வைத்துக்கொண்டு வாசித்தேன்.

ஆகவே புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். புளிப்பு ஆகாது என்பதற்காகச் சோடா மாவுக்கும் போய்விடாதே, காரமும் அலுமினியத்தைத் தின்னும். அடுப்பு சுத்தம் செய்கிற ஸ்ப்ரே, சாக்கடை அடைப்பு எடுக்கிற மருந்து எல்லாம் கிட்டவே வரக்கூடாது. பாத்திரம் கழுவும் மெஷினில் வைக்கலாமா என்று உன் வீட்டுக்காரர் கேட்டாலும் கேட்பார், கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் போட்டோ எடு, உள்ளும் புறமும். அப்புறம் கழற்று. முட்டை அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் ஒரு லக்கின் திருகும் வாஷரும் போடு. பேட்ஜை மட்டும் தொடாதே, அதைப் பிடித்திருக்கும் வளையம் நெளிந்தால் பழைய மாதிரி உட்காராது. லக்குக்குள் ஸ்பிரிங் இருக்கும். கிணுகிணு சத்தத்துக்குப் பயந்து முன்னால் வைத்திருந்தவர் பஞ்சு அடைத்திருந்தால் எடுத்து எறி, அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஷெல்லை, அதாவது டிரம்மின் உடம்பை, வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, பழைய பனியன் துணியால் துடை. அழுத்தாதே. வெள்ளைப் பொடியை மரப் பல்குச்சியால், இல்லையென்றால் மெத்தென்ற பல்துலக்கியால் எடு. கத்தி, ஊசி, கம்பிப் பஞ்சு கூடாது. ஓரம் தூக்கி நிற்கிற குரோமை நகத்தால் கிள்ளிப் பார்க்கத் தோன்றும். கையைக் கட்டிக்கொள். புள்ளி போகாது பாப்பா, பள்ளம் பள்ளம்தான். அது மேலும் பரவாமல் நிறுத்துவதுதான் உன் வேலை. மறுபடி குரோம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் கொடுத்துவிடாதே. பழைய பூச்சைக் கரைத்து, பாலிஷ் போட்டு, ஷெல்லே மெலிந்துதான் திரும்பி வரும்.

கழுவியதும் அன்றைக்கே காய்ந்தாக வேண்டும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, மேல் விளிம்பு மடிப்பிலும் திருகு ஓட்டைகளிலும் காட்டு.

தோலை விளிம்பில் அழுத்திப் பிடிக்கிற வளையம், அந்த ஹூப் வேறு கதை. காந்தம் வைத்துப் பார், ஒட்டினால் இரும்பு. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய். பழுப்புச் சேறு மாதிரி வரும், துருதான் அது. தாள் குரோமைவிட மென்மையானதால் கீறாது. இதே வித்தையை ஷெல்லில் காட்டாதே. ஹூப்பை இழுத்து இறுக்குகிற நீளத் திருகுகளை, அந்த டென்ஷன் ராடுகளை, மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போடுவேன் நான். உங்கள் ஊரில் டபிள்யூடி-40 ஸ்ப்ரே போதும், ஆனால் அதையே எண்ணெய் என்று நினைத்து விட்டுவிடாதே. துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு மரையிலும் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், உங்கள் ஊர்க் குளிரில் கட்டியாகவும் ஆகிவிடும்.

கடைசியில் மெழுகு. காருக்குப் போடுகிற கார்னோபா மெழுகு போதும். மியூசியங்களில் ரெனசான்ஸ் வாக்ஸ் என்று ஒன்றைப் போடுகிறார்கள், பிரிட்டிஷ் மியூசியத்துக்காரர்கள் ஐம்பதுகளில் கண்டுபிடித்தது, கிடைத்தால் இன்னும் நல்லது. விரலில் தொட்ட அளவு எடுத்து மெல்லிசாகப் பூசி, மங்கலானதும் துடைத்துவிடு. வருஷத்துக்கு இரண்டு முறை. பளபளப்புக்காக இல்லை, வெடிப்பு வழியாக ஈரம் இறங்காமல் இருக்க.

பளபளப்பு என்றதும் எங்கள் பேண்டு மாஸ்டர் ஞாபகம் வருகிறார். சனிக்கிழமை ஆனால் பிராசோ பாலிஷ் டப்பாவோடு வரிசையாக உட்கார்த்திவிடுவார். பித்தளைமேல் நிக்கல் பூசின டிரம்கள். ஒவ்வொரு வாரமும் துணி கறுப்பாக வரும், நாங்கள் அழுக்கு என்று நினைத்தோம். பாதி நிக்கல்! ஏழெட்டு வருஷத்தில் கை படுகிற இடமெல்லாம் மஞ்சள் தெரிந்தது. அவருக்கு அது திருப்திதான், "தங்கம் மாதிரி வந்திடுச்சு பாரு" என்பார். நாளைக்குப் பித்தளை டிரம் ஒன்று வாங்கினாயானால், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற தண்ணீரையும் அதில் அடிக்காதே. வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தானாகவே வெடிப்பு விட்டனவாம். காரணம் குதிரை மூத்திரத்து அம்மோனியா.

நீ சொல்வாய், "அப்பா, எங்கள் ஏரியில் உப்பே கிடையாது" என்று. ஏரியில் இல்லை, சரி. பனிக்கு ரோட்டில் கொட்டுகிறார்களே, அது என்ன? காரின் டிக்கியில் வைக்காதே. வெளியே குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வந்ததும் பெட்டியைத் திறக்காதே. சூடான காற்று பட்டால் ஷெல் முழுக்க வேர்த்துவிடும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு மாதிரி. ஒரு மணி நேரமாவது மூடியே கிடக்கட்டும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, கீழே இருக்கிற ஸ்நேர் கம்பிகளையும் சேர்த்து. ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் பெட்டிக்குள் இரண்டு வை.

அடுத்த வாரம் இங்கிருந்து ஒருவர் சிகாகோ வருகிறார். அம்மா மக்ரூன் கொடுத்துவிடுகிறாள். ராடுகளைத் திருகுகிற என் டிரம் சாவியை அந்த டப்பாவுக்குள்தான் போட்டிருக்கிறேன், அம்மாவுக்குத் தெரியாது. கடிக்கும்போது பார்த்துக் கடி. அது வந்து சேர்கிற வரைக்கும் ஒரு திருகையும் கழற்றாதே.

அன்புடன்,
அப்பா