கொட்டிய மணல் மேடாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மணல்மேடுகளைப் பற்றிச் சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. வண்டி நிறுத்த இடம் இல்லையென்றால் மேட்டைச் சமப்படுத்திக்கொள்ளட்டும், அந்த மணலை வேறு இடத்தில் கொட்டிக் குவித்து நாலு சவுக்குக் கன்று நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும், மணல் எங்கே போய்விடப் போகிறது என்று அந்த அன்பர் கேட்டிருந்தார். கோபமாக எழுதவில்லை, நியாயமாகத்தான் கேட்டிருந்தார். அதனால்தான் பதில் எழுதத் தோன்றியது.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புகுந்த வீடு கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கடலோரத்தில். எங்கள் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லைக்கும் கடலுக்கும் இடையில் மேடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. விவசாயிகள் துணிப்பையில் கட்டி அனுப்பும் மண்ணைத்தான் கூடத்தில் பார்ப்போம். மேட்டு மணலை யாரும் சோதனைக்கு அனுப்ப மாட்டார்கள், அதில் என்ன விளையப் போகிறது? விடுமுறையில் எனக்கு நானே எடுத்துப் பார்த்துக்கொண்டதுதான்.

கடலிலிருந்து வீட்டுப் பக்கமாக நடந்து வந்தாலே போதும், இளையது எது மூத்தது எது என்று தெரிந்துவிடும். அலைக்கு அடுத்த மேடுதான் இளையது. காற்று தூக்கிவரும் மணலை ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் பிடித்து நிறுத்தியதால் உண்டானது. கையில் அள்ளிப் பார்த்தால் வெள்ளைக் குவார்ட்ஸ், கறுப்பாக இரும்பு கலந்த இல்மனைட் தாது, இளஞ்சிவப்பாகக் கார்னெட் தாது, இவற்றோடு பொடிந்த கிளிஞ்சல். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். அது கிளிஞ்சலில் உள்ள சுண்ணாம்பின் வேலை. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு எட்டைத் தாண்டி, காரப் பக்கமாக நிற்கும். அங்ககக் கரிமம், அதாவது மக்கிலிருந்து சேரும் கரி, இல்லை என்றே சொல்லிவிடலாம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) அப்படியே.

அடுத்த வரிசைக்கு வந்தால் தாழம்புதர், பனை, சவுக்கு. இங்கே மணல் வேறாகிவிட்டது. முதலில் போவது உப்பு. ஓரிரண்டு ஐப்பசி கார்த்திகை மழையே அதைக் கழுவிவிடும். சுண்ணாம்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. மழைநீர் காற்றிலிருந்தும் வேர்களைச் சுற்றியும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது கிளிஞ்சலை மேலிருந்து கீழாகக் கரைத்துக்கொண்டே இறங்கும். ஆகவே பழைய மேட்டில் குழி தோண்டி, சாண் சாணாக அமிலம் விட்டுப் பார்த்தால் மேலே ஒரு சத்தமும் இருக்காது. ஓர் ஆழத்துக்குப் போனதும் திடீரென்று நுரைக்கும். பக்கத்துப் பக்கத்து மேடுகளை ஒப்பிட்டால், அந்த இடம் எதில் ஆழமாக இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் மூத்தது. இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கூட, ஆசிரியர் பக்கத்தில் நின்றால், செய்து பார்க்கலாம்.

சுண்ணாம்பு கீழே இறங்கும் அதே காலத்தில் மேலே வேறொன்று சேருகிறது. சருகு விழுகிறது, வேர் செத்து மக்குகிறது, வேரோடு கூட்டு வைத்திருக்கும் பூஞ்சைகளின் இழைகள் மணியோடு மணியைக் கட்டிப் பிடிக்கின்றன. வெறும் மணலில் ஈரத்தையோ சத்தையோ பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. அந்த வேலையைச் செய்வதெல்லாம் மேலே இருக்கும் இந்தக் கறுத்த மக்குதான். கறுப்பு மணிகளில் உள்ள இரும்பு மெல்ல மெல்லத் துருவாகி மற்ற மணிகளின் மேல் படியும்போது மணல் வெளிர்மஞ்சளாகும். எங்கள் கொல்லையை ஒட்டிய மேடு அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் ஆகும்? இங்கிலாந்தில் சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில் பழைய வரைபடங்களைக் கொண்டு மேடுகளின் வயதைக் கண்டுபிடித்து, அவற்றின் மண்ணைச் சோதித்தார் சாலிஸ்பரி என்ற தாவரவியலாளர். அது 1925-ல் வெளிவந்தது. ஆறு சதவீதம் போலத் தொடங்கிய சுண்ணாம்பு, முந்நூறு ஆண்டு மேட்டில் அநேகமாகத் தீர்ந்துவிட்டிருந்தது. மிச்சிகன் ஏரிக்கரை மேடுகளைப் பார்த்த ஓல்சன் 1958-ல் எழுதியதன்படி, அங்கே மண்ணில் தழைச்சத்து சேர்ந்து நிலைகொள்ள ஆயிரம் ஆண்டு போல ஆகிறது. நம் ஊருக்கு இந்த எண்களை அப்படியே தூக்கிவர முடியாது. ஓர் ஆண்டு மழையில் பெரும்பகுதி நமக்கு மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது, அதனால் கரைவது வேகமாகக் கரையும். மீதி மாதங்களின் வெயிலில் மக்கும் வேகமாக எரிந்து போகும். அதாவது இழப்பது சீக்கிரம், சேர்ப்பது தாமதம். குளிர்நாட்டு மேட்டைவிட நம் மேட்டின் மேல்மண் அருமையானது என்று நான் நினைப்பது இதனால்தான்.

சரி, வெட்டிய மேட்டுக்கு வருகிறேன். எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே ஒரு விடுதி கட்டுவதற்காகப் பொக்லைன் வைத்து ஒரு பழைய மேட்டைப் பாதியில் அறுத்துவிட்டார்கள். வேலை ஏதோ காரணத்தால் நின்றுபோயிருக்கிறது. வெட்டுமுகம் ஆள் உயரத்துக்கும் மேலே செங்குத்தாக நிற்கிறது. போய்ப் பார்த்தேன். மேலே ஒரு சாண் அளவுக்குச் சாம்பலும் பழுப்புமாக, வேர் நிறைந்த மண். அதன் கீழே வெளிர்மஞ்சள் மணல். அதற்கும் கீழே, இடுப்பு உயரத்தில், இரண்டு விரல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு, நடுநடுவே பழைய வேர் போன தடம். மறுபடியும் வெளுத்த மணல். முழங்காலுக்குக் கீழே இன்னொரு கோடு, இன்னும் மங்கலாக.

அந்த ஒவ்வொரு கோடும் ஒரு காலத்தில் மேட்டின் மேல்தரையாக இருந்தது. செடி முளைத்து, சருகு விழுந்து, மக்கு சேர்ந்து நிலைத்திருந்த தரை. அப்புறம் ஒரு புயலோ, கரையிலிருந்து ஏராளமாக மணல் வந்த ஒரு காலமோ அதை மூடிவிட்டது. அதன் மேல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. மேடு ஒரே மூச்சில் வளர்ந்துவிடுவதில்லை. வளரும், நிற்கும், திரும்பவும் வளரும். நின்ற காலங்களில்தான் மண் உண்டாகிறது.

பொக்லைன் ஒரு பிற்பகலில் இதை எல்லாம் கலந்து ஓரமாகக் கொட்டியிருந்தது. கீழே இருந்த சுண்ணாம்பு மணல் மேலே வந்துவிட்டது, மேலே இருந்த சாண் மண் எங்கோ உள்ளே போய்விட்டது. அந்தக் குவியலின் உச்சியில் அமிலம் விட்டேன், முதல் வரிசை மேட்டில் நுரைப்பது போலவே நுரைத்தது. இரண்டு மழைக்காலம் போன பிறகும் அதில் அங்கங்கே அடப்பங்கொடி படர்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. காற்றடித்தால் மணல் சாலைக்கு வருகிறது. கடிதம் எழுதிய அன்பர் சொன்ன இடமாற்றம் கண்ணெதிரே நடந்து முடிந்த இடம் அது. மணல் ஒரு கூடைகூடக் குறையவில்லை.

நாலு சவுக்கு நட்டால் சரியாகிவிடாதா என்றால், சவுக்கைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது வெளியிலிருந்து வந்த மரம்தான், ஆனாலும் அதன் வேர்முடிச்சில் பிரான்கியா என்ற நுண்ணுயிர் இருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. வெறும் மணலுக்கு அது பெரிய உதவி. ஆனால் நாம் சவுக்கு வளர்க்கும் முறை வேறு. என் மாமியார் விடியற்காலையில் தோப்புக்குப் போய்ச் சருகை ஒரு இழை விடாமல் கூட்டி அள்ளிவருவார், அடுப்புக்கு. ஊரே அப்படித்தான் செய்தது, வேறு வழியும் இல்லை. நாலைந்து ஆண்டில் மரத்தை வெட்டி, வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்து விறகுக்கு விற்றுவிடுகிறோம். மண்ணுக்குச் சேர வேண்டியது எல்லாம் வண்டியேறிப் போய்விடுகிறது. அதனால்தான் எத்தனை சுற்று சவுக்கு வைத்தும் சில தோப்புகளில் மணல் வெள்ளையாகவே இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சவுக்கையும் முந்திரியையும் சாய்த்துப் போட்ட பிறகு, இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். அப்போதும் மேல்மண் கீழே, கீழ்மண் மேலே. இப்போது எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது, சருகை விட்டுவைக்கலாம்.

மேடு மூத்துக்கொண்டே போனால் மண் வளமாகிக்கொண்டே போகும் என்றும் எண்ணிவிடக் கூடாது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பல ஆயிரம் ஆண்டு பழைய மணல், இரும்புத் துரு படிந்து செக்கச்செவேலென்று இருக்கும், கற்கால மனிதர்களின் சிறுகற்கருவிகள் கிடைக்கும் இடம். நிறத்தைப் பார்த்து நல்ல செம்மண் என்று ஏமாந்துவிட வேண்டாம், பனையும் உடைமரமும்தான் அங்கே தாக்குப்பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக் கரையில் கூலூலா என்ற இடத்தில் இதைவிடப் பல மடங்கு பழைய மேடுகள் உண்டு. நடுவயது மேடுகளில் உயர்ந்த காடு, மிகப் பழையவற்றில் குட்டைப் புதர். மழை லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கழுவிக் கழுவி மணிச்சத்தை (பாஸ்பரஸ்) வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டது, வெளுத்த மணல் மட்டும் பத்து மீட்டருக்கு மேல் இறங்குகிறதாம். மண்ணுக்கும் மனிதரைப் போல ஒரு நல்ல பருவம் இருக்கிறது. கடலூர்க் கரை மேடுகளில் பின்வரிசையில் இருப்பவை இப்போது அந்தப் பருவத்தில் இருக்கின்றன என்பது என் கணிப்பு.

குடிதண்ணீரும் இதில் அடங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கடலுக்கு அவ்வளவு அருகே ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் குடித்திருக்கிறோம். மேட்டில் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதுதான் காரணம். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தால், கணக்குப்படி கீழே நாற்பது மீட்டர் வரை நல்ல நீர் நிற்கலாம். அந்த ஒரு மீட்டர் குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கூடத்துக்கு வந்த மாதிரிகளில் உப்பின் அளவு எப்படிக் குறைந்துவந்தது என்பதும் நினைவிருக்கிறது. மணற்பாங்கான கொல்லைகளை அடுத்த ஐப்பசி மழை கழுவிக் கொடுத்தது, களிமண் வயல்கள்தான் இழுத்தடித்தன.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில், 2011-லும் சரி 2019-லும் சரி, மணல்மேடுகள் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில்தான் இருக்கின்றன. சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தில் மேடு என்று ஒரே நிறம் அடித்துவிடுகிறார்கள். போன ஆண்டு உண்டானதும் பல நூற்றாண்டு பழையதும் அதில் ஒன்றுதான். கடலூர், புதுச்சேரி இரண்டு நிர்வாகங்களும் பின்வரிசை மேடுகளைத் தனியாகக் குறித்து, அவற்றில் இடமாற்றம், மறுகுவிப்பு என்ற பேச்சையே ஏற்கக் கூடாது. முன்வரிசை மேடு சிதைந்தால், கரையில் மணல்வரத்து இருக்கும்வரை அது தானே திரும்ப வளரும். அங்கே கொஞ்சம் தாராளமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். தவிர்க்கவே முடியாமல் குழாயோ சாலையோ பழைய மேட்டைக் கடக்க வேண்டி வந்தால், மேலே இருக்கும் அந்த ஒரு சாண் மண்ணை முதலில் தனியாக வழித்து எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் கடைசியாக மேலே பரப்பச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதட்டும். ஒப்பந்ததாரருக்கு இதனால் ஒருநாள் வேலை கூடும், அவ்வளவுதான்.

வெட்டுமுகம் இன்னும் சரியாமல் நிற்கிறது. ஐப்பசி மழையில் அது இடிந்து மூடிக்கொள்ளும். அதற்கு முன் உங்கள் நிருபரும், அந்தக் கடிதம் எழுதிய அன்பரும் வருவதாக இருந்தால் நான் கூட வந்து காட்டுகிறேன். அமிலப் புட்டி என்னிடம் இருக்கிறது, குடையும் செருப்பும் அவர்கள் கொண்டுவரட்டும், பத்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மண் பரிசோதனைக்கூட ஓய்வு ஊழியர்,
கடலூர் மாவட்டம்.