இன்னுமா 235?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் பேத்தி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கத்துக் கடையில் வாங்கிய பொது அறிவுப் புத்தகம், புது அட்டை. தமிழகச் சட்டப்பேரவைக்கு 235 உறுப்பினர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள்! ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடம் 104ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இப்போது 234தான். 1986இல் மேலவையைக் கலைத்ததாவது ஒழுங்காக இருக்கிறது, சரி.

அதைவிட வருத்தம், தனித்தொகுதிகள் ஒரே வரியில் முடிந்துவிட்டன. ஆதிதிராவிடருக்கு 44, பழங்குடியினருக்கு 2, அவ்வளவுதான். அந்த இரண்டும் எவை? எங்கள் ஏற்காடும் பக்கத்துச் சேந்தமங்கலமும். ஒன்று சேர்வராயன் மலை, இன்னொன்று கொல்லிமலை. நீலகிரியில்கூட இப்படியொரு தொகுதி கிடையாது. ஏற்காடு என்றதும் ஏரியும் படகும் மட்டும் என்று நினைக்கிறார்கள். தொகுதி வாழப்பாடி வரை இறங்குகிறது. அங்கே இருப்பவர் கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட ஏறாமல் ஏற்காட்டுக்கு ஓட்டுப் போடுகிறார்.

உங்கள் போட்டித் தேர்வுப் பக்கத்தில் சரியான எண்ணிக்கையை வெளியிட்டால் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்ணாவது மிஞ்சும்.

ஓய்வுபெற்ற காபி எஸ்டேட் கணக்கர்,
நாகலூர், ஏற்காடு.