சொல்லை மாற்றினால் போதாது

அன்புள்ள மகளுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று மாசு கலப்பது பற்றிய உன் ஒப்படையில் ஒரு பந்தி மூலக் கட்டுரைக்கு மிக நெருக்கமாக இருக்கிறது என்று பேராசிரியர் குறித்து அனுப்பியதாகவும், "எல்லாச் சொற்களையும் மாற்றித்தானே எழுதினேன், அது எப்படிக் களவாகும்?" என்றும் கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய விடயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்து வாசித்தேன். சொற்கள் வேறுதான். ஆனால் சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகையில் தொடங்கி, வெங்காயச் செய்கைக்கு இடும் யூரியாவுக்கு வந்து, மலக்குழிகளைத் தொட்டு, மாரி மழையில் முடிகிற அந்த வரிசையும், எதை முதற் காரணமாக நிறுத்துவது, எதைத் துணைக் காரணமாக ஒதுக்குவது என்ற தீர்மானமும் முழுக்க அந்த ஆய்வாளருடையவை. களவெடுத்த சைக்கிளுக்கு வேறு நிறம் பூசிய கதைதான் இது. பந்தியின் முடிவில் அவர் பெயரைப் போட்டிருக்கிறாய். வாசிப்பவரோ அது கடைசி வாக்கியத்துக்கு மட்டும் உரியது என்றே கொள்வார். "இவரின் விளக்கத்தின்படி" என்று பந்தியின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் உசாத்துணை வேண்டியதில்லை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, நாங்கள் கிணற்று நீரையே நம்பியிருக்கிறோம் என்பது ஊரறிந்த உண்மை. அதற்கு யாரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். சுன்னாகத்துக் கிணறொன்றில் நைத்திரேற்று இவ்வளவு என்று எழுதும்போதோ, அளந்தவர் யார், எந்த ஆண்டு, மழைக்கு முன்னரா பின்னரா என்பதையும் சேர்த்து எழுதியே ஆக வேண்டும். இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதிலுள்ள நைதரசனை மட்டும் கணித்தால் ஏறத்தாழ 11 மில்லிகிராம்தான். ஒருவர் "12" என்று எழுதியிருந்தால், முதற் கணக்கில் அந்தக் கிணறு எல்லைக்கு மிகக் கீழே, இரண்டாவதில் எல்லைக்கு மேலே. மூலத்தைப் பாராமல் இன்னொருவரின் தொகுப்புக் கட்டுரையிலிருந்து எண்ணை மட்டும் எடுத்து, மூல ஆசிரியரை நீயே வாசித்ததுபோலக் காட்டினால், இடையில் நேர்ந்த பிழையும் உன் பெயரில் வந்து சேரும். மூலம் கிடைக்காவிட்டால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று எழுது.

நீ இப்படி எழுதியதில் எனக்கு வியப்பில்லை. உயர்தரப் பரீட்சைக்கு ரியூசனில் தந்த மாதிரி விடையை வரி பிசகாமல் எழுதியவர்களுக்குத்தான் இங்கே கூடிய புள்ளி; யாருடைய வரி என்று எவரும் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் கேட்பார்கள். ஜெர்மனியின் கல்வி அமைச்சராக இருந்த அனெற்றே ஷாவான், 1980இல் பெற்ற கலாநிதிப் பட்டத்தை ஆய்வேட்டில் எழுத்துக் களவு என்று கூறி டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகம் 2013இல் மீளப் பெற்றதும் பதவி விலக நேர்ந்தது.

பதிப்புரிமையையும் எழுத்துக் களவையும் போட்டுக் குழப்பாதே. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாக ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும். நல்லூர் ஆறுமுக நாவலர் 1879இல் மறைந்தவர். அவருடைய உரைநடையை இன்று எவரும் அச்சிடலாம், சட்டம் தடுக்காது. அதில் ஒரு பந்தியைத் தன் பெயரில் வெளியிட்டால் மட்டும் களவு களவுதான். ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கிப் பெயரை விழுங்குவதும் அப்படியே. எங்கள் பத்திரிகைகளில் இது மலிந்து கிடப்பதை நான் பொறுமையோடு வாசிப்பதில்லை. உன்னுடைய பழைய ஒப்படையிலிருந்து எடுத்தாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒப்புமை காட்டும் மென்பொருளின் சதவீதத்தைப் பார்த்து அமைதியடையாதே. முறையாக மேற்கோள் குறியிட்ட வரியையும் அது எண்ணிவிடக்கூடும். உன் பந்தியைப்போல் சொல் மாறியதைத் தவறவும் விடும்.

அந்தப் பந்தியைத் திருத்த முயலாமல் அழித்துவிடு. மூலக் கட்டுரையை மூடிவைத்து, உனக்கு விளங்கியதை உன் ஒழுங்கில் எழுதி, பிறகு திறந்து ஒப்பிடு. விளங்காத இடத்தில்தான் அவருடைய வசனம் உன்னை இழுக்கும். அந்த இடத்தை மேற்கோள் குறிக்குள் அப்படியே வை, அல்லது பேராசிரியரிடம் கேட்டு விளங்கிக்கொள். போகும்போது உன் குறிப்புக் கொப்பியையும் கொண்டு போ. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கக்கூடும்.

அன்புடன்,
அப்பா