மிஷன் பள்ளிகளில் மறைக்கல்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

பினாங்கில் ஒரு கான்வென்ட் தொடக்கப்பள்ளியில் படித்தவள் நான். வகுப்பு தொடங்கும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்போம். நான் சிலுவை அடையாளம் போடுவேன்; பக்கத்தில் திருநீறு பூசிய தோழி கைகூப்பி நிற்பாள். அவளை யாரும் எதுவும் சொல்லச் சொன்னதில்லை. ஆனால் மே மாதம் வந்தால் மாதா சுரூபத்துக்கு முதல் மல்லிகைச் சரம் அவள் வீட்டிலிருந்துதான் வரும். மாரியம்மனுக்குக் கட்டியதில் பாதியாம்!

இன்று என் பேத்தி படிக்கும் மிஷன் பள்ளியில் சுவரில் சிலுவை இருக்கிறது, ஜெபம் இல்லை. முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கு நன்னெறிக் கல்வி உண்டு. நல்லதுதான். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் சமயத்தைக் கற்கும் மறைக்கல்விக்கோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கிடைக்கும் நேரம் மட்டுமே.

சட்டம் தடுக்கிறது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51வது பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் இஸ்லாம் அல்லாத சமயத்தையும் கற்பிக்க இடம் தருகிறது. இரண்டு நிபந்தனைகள்: நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் நடத்தக்கூடாது, பிற சமயப் பிள்ளை பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதமின்றி அதில் உட்காரக்கூடாது. இரண்டாவது நிபந்தனையை நான் மனதார வரவேற்கிறேன். என் தோழிக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

1852இல் லா சால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைக் கன்னியரும் ஜார்ஜ்டவுனில் பள்ளி தொடங்கியது பாடம் நடத்த மட்டுமல்ல. பள்ளி வாரியங்களும் பங்குத்தந்தையரும் பெற்றோரும் கூடிப் பேசி, வாரத்தில் ஒரு நாள், பள்ளி முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சொல்லிக்கொடுக்க எங்களைப் போன்ற முன்னாள் மாணவிகள் தயாராக இருக்கிறோம்.

முன்னாள் மாணவி,
பினாங்கு