காட்டின் நீர்வரத்தை ஓடையில் அளந்து மதிப்பிடக் கோரும் மனு

அனுப்புநர்:
காட்டோடை நீரைக் குடிக்கவும் பாசனத்துக்கும் நம்பியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு வனத்துறைத் தலைவர் அவர்கள்

பொருள்: பாதுகாக்கப்பட்ட காடுகளின் நீர்வரத்து மதிப்பீட்டில் நேரடி அளவீட்டையும் கோடைக்கால ஓட்டத்தையும் சேர்க்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காடு தரும் சேவைகளில் தண்ணீரையும் கணக்கில் எடுத்து மேலாண்மைத் திட்டத்தில் சேர்ப்பதை மனதார வரவேற்கிறோம். கணக்கிடும் முறையில்தான் எங்களுக்குக் கவலை.

பரவலாகப் பயன்படும் இன்வெஸ்ட் போன்ற கணினி மாதிரிகள், ஆண்டு மழையிலிருந்து மரஞ்செடிகளும் மண்ணும் ஆவியாக்கும் நீரைக் கழித்து, மீதியை நீர்வரத்து என்று காட்டுகின்றன. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் நீர் என்றாலே 10 லட்சம் லிட்டர். ஆவியாதலில் 100 மில்லிமீட்டர் பிசகினால் 10 கோடி லிட்டர் தவறிப்போகும். மழைமானி அடிவாரத்தில் இருந்தால் மேலே பெய்யும் மழை தெரியாது. மேகம் தவழும் காடுகளில் இலைகள் பனிமூட்டத்திலிருந்து வடிக்கும் நீரோ வழக்கமான மழைமானியில் பதிவாவதே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆண்டு மொத்தம். காட்டை வெட்டினால் ஆவியாதல் குறைந்து மொத்த நீர்வரத்து கூடும். 1982-இல் நீரியல் ஆய்வாளர்களான பாஷ், ஹியூலெட் இருவரும் தொகுத்த 94 நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் ஆய்வுகள் பெரும்பாலும் இதைத்தான் காட்டின. அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் காட்டைவிட மொட்டை மலையே மேல் என்றாகிவிடும். மண் இறுகிய சரிவில் அந்தக் கூடுதல் நீர் நாலு நாள் வெள்ளமாக வந்து போய்விடும். எங்களுக்கு வேண்டியது கோடைக் கடைசியிலும் ஓடையில் தண்ணீர் இருப்பது. காட்டின் வயதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகருக்கு நீர் தரும் மலைக்காடுகள் 1939 தீயில் எரிந்தன. மீண்டும் வளர்ந்த இளம் மரங்கள் அதிக நீரைக் குடித்ததால் பல பத்தாண்டுகளுக்கு நீர்வரத்து குறைந்தது. ‘காடு’ என்று ஒரே வண்ணம் தீட்டிய வரைபடத்தில் இது எப்படித் தெரியும்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனவே முக்கிய ஓடைகளில் ‘வி’ வடிவ வெட்டுள்ள சிறு அளவுத் தடுப்புகளை அமைக்க வேண்டுகிறோம். வெட்டின் அடிமுனையிலிருந்து நீர் நிற்கும் உயரத்தை வைத்து ஓட்டத்தைக் கணக்கிடலாம்: 90 பாகை வெட்டில் நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 4.4 லிட்டர் ஓடுகிறது. அதுவே 5 சென்டிமீட்டர் என்றால் 0.8 லிட்டர்கூட இல்லை. வெட்டில் சருகு அடைத்து மட்டம் 10-லிருந்து 11 சென்டிமீட்டர் ஆனாலே கணக்கில் கால்பங்கு கூடிவிடும். அதனால் கருவி மட்டும் போதாது; சருகை எடுத்துவிட்டு மட்டத்தைக் குறித்துவைக்க ஓர் ஆளும் வேண்டும். ஓடையோரத்தில் வாழ்பவர்களுக்கே பயிற்சி கொடுத்துக் கூலியும் கொடுத்தால் நல்லது.

காட்டுக்குள் ஓர் ஓடை, அதே மழையும் மண்ணும் உள்ள சீரழிந்த சரிவில் இன்னோர் ஓடை என்று இணையாகச் சில ஆண்டுகள் அளக்க வேண்டும். அப்புறம் அந்த அளவுகளோடு மாதிரியை ஒப்பிட்டுத் திருத்தலாம். முடிவுகளை மாதவாரியாக, மிக வறண்ட மாதத்தின் ஓட்டத்தைத் தனியே காட்டி, பிழை வரம்போடு வெளியிட வேண்டும். அதுவரை நீர்வரத்துக்குப் பண மதிப்புப் போட்டு அதன் பேரில் எந்த நில மாற்றத்துக்கும் அனுமதி தர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஓடைகளில் இடம் தேர்ந்தெடுக்கத் தங்கள் அலுவலர்கள் வரும் நாளைத் தெரிவித்தால், கோடையிலும் வற்றாத ஊற்றுகளை நாங்களே உடன்வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காட்டோடை நீர்ப் பயனாளிகள்