அப்பா கேட்ட கொத்து வேலை

சிகாகோ,
அக்டோபர், ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் உங்கள் மருமகனும் நலம். அம்மா, தம்பி, அத்தை எல்லாரும் நலமா? போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். காது முன்பு மாதிரி கேட்கவில்லை என்று அம்மா சொன்னாள். அதனால்தான் கடிதம். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படியுங்கள்.

நான் கிளம்பிய அன்று மதுரை ஏர்போர்ட்டில் எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பாட்டைப் பார்த்துக்கொள் என்றார்கள். நீங்கள் மட்டும், "அந்த ஊர்ல கொத்து வேலை எப்படி இருக்குன்னு பாத்து எழுது" என்றீர்கள். பதினான்கு மாதமாக அதற்குப் பதில் எழுதவில்லை. பார்த்தால்தானே எழுதுவதற்கு! வந்த புதிதில் வீடு, பஸ், லேப், திரும்ப வீடு. குளிர்காலம் வந்ததும் முக்காடு மாதிரி தொப்பியை இழுத்துவிட்டு, பனியில் வழுக்காமல் காலடியைப் பார்த்தே நடந்தேன். இத்தனை பெரிய ஊரில் அண்ணாந்து ஒரு சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது பார்க்கிறேன். அதற்கு ஓட வேண்டியிருந்தது.

லேப்பில் என்னோடு வேலை செய்யும் ஒரு மலையாளி அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுகிற ஒரு கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டார். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. பதினைந்து பேர் வருவோம். ஊர் விழிப்பதற்கு முன்னால், ஆறரை மணிக்குக் கிளம்பி, பேர்பெற்ற கட்டடங்கள் இருக்கும் தெருக்கள் வழியாக 9 கிலோமீட்டர் ஓடித் திரும்புவோம். ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் இரண்டு நிமிடம் நிற்போம். கூட்டிப்போகிறவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இன்ஜினியர். மூச்சு வாங்காமல் பேசுவார். அம்மாவிடம் சொல்லுங்கள், கூட்டமாகத்தான் போகிறோம், பயப்பட ஒன்றும் இல்லை, ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் எங்களை நிறுத்திய இடம்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம். மொனாட்நாக் கட்டடம் என்று பெயர். வடக்குப் பாதியை 1891-இல் முடித்திருக்கிறார்கள். 16 மாடி அப்பா, வெளிச்சுவர் முழுக்கச் செங்கல்லே தாங்குகிறது! ஓரச் சுவர்களுக்குள் பில்லர் இல்லை. அந்த ஓரத்துப் பாரமெல்லாம் சுவர் வழியாகவே கீழே இறங்குகிறது. அதனால் அடிச்சுவரின் கனம் 6 அடி. நம் கணக்கில் நாலு முழம். மேலே போகப் போகக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். நீங்கள் ஒன்பது இஞ்ச் சுவருக்கே செங்கல் கணக்குப் பார்த்துப் பார்த்து எழுதுவீர்கள். அங்கே ஜன்னல் ஓரத்தில் நின்று சுவரின் கனத்தை அளக்க இரண்டு கையையும் விரித்தேன். எட்டவில்லை.

செங்கல் கருஞ்சிவப்பு நிறம், நாவல்பழத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி. பூச்சு இல்லை, சிற்பம் இல்லை, ஒரு பூ வேலைகூட இல்லை. கட்டச் சொன்ன முதலாளி, நீட்டிக்கொண்டிருக்கும் வேலைப்பாடு எதுவும் கூடாது, அழுக்குச் சேரும், புறா அடையும் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். வரைந்தவர் ஜான் ரூட். அலங்காரம் செய்யக் கூடாது என்றதும் அவர் சுவரையே வளைத்துவிட்டார். முதல் மாடிக்கு மேலே சுவர் மெல்ல உள்வாங்குகிறது. உச்சியில் திரும்ப வெளியே விரிகிறது. தெருமூலையில் கீழே கூர்மையாக இருக்கும் முனை, மேலே போகப் போக மழுங்கிக்கொண்டே போகிறது. இதற்கெல்லாம் செங்கல்லை வெட்டிப் பொருத்தவில்லை. வளைவுக்கு ஏற்றபடி தனித்தனி அச்சு செய்து வார்த்துச் சுட்டிருக்கிறார்கள். நான் மூலையில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். வளைவு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவே இல்லை. நீங்கள் வைத்த மூலையை ரசமட்டம் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொடுப்பீர்களே, அது நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ரூட் தன் 41-ஆவது வயதில், 1891 ஜனவரியில், காய்ச்சல் கண்டு இறந்துபோனார். முடிந்த கட்டடத்தை அவர் பார்க்கவில்லை.

மண்ணைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். இங்கே களிமண். மேலாக நீர் கோத்துக்கொண்டு நிற்கும். கெட்டிப் பாறை வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நூறடி போக வேண்டும், அன்றைக்கு அது பெரிய பாடு. அதனால் வானம் தோண்டி, இரும்பு உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட் கொட்டி, தெப்பம் மாதிரி ஒரு அஸ்திவாரம் போட்டு, அதன்மேல் இந்த மலையை ஏற்றியிருக்கிறார்கள். கட்டடம் 8 அங்குலம் இறங்கும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு உயர்த்தியே கட்டினார்களாம். அதைவிட அதிகமாகவே இறங்கியிருக்கிறது. ஆனாலும் 130 வருஷத்துக்கு மேலாக உள்ளே ஆபீஸும் கடையும் நடக்கிறது. முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் மண்ணில் வீடு எடுக்கும்போது நீங்கள் ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கவலை இவர்களுக்கும் இருந்திருக்கிறது.

இன்னொன்று. அதே கட்டடத்தின் தெற்குப் பாதி 1893-இல் சேர்த்தது. வேறு ஆட்கள், வேறு முறை. இரும்புச் சட்டம் போட்டு, செங்கல்லை அதன்மேல் போர்த்தியிருக்கிறார்கள். "பில்லர் போட்டாச்சுன்னா சுவரு வெறும் மறைப்புத்தான்" என்று நீங்கள் ஒரு வருத்தத்தோடு சொல்வீர்களே, அந்த மாற்றம் இங்கே இரண்டே வருஷத்தில், ஒரே கட்டடத்துக்குள் நடந்திருக்கிறது. இரண்டு பாதிகளும் ஒட்டும் இடத்தில் ஒரு காலை வடக்கிலும் ஒரு காலை தெற்கிலும் வைத்து நின்றேன். எனக்கு வடக்குப் பாதிதான் பிடித்திருக்கிறது. உங்களுக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து லசால் தெரு. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு மாதிரி இருக்கும். தெருவின் முடிவில் 1930-இல் கட்டிய தானியச் சந்தைக் கட்டடம். உச்சியில் கோதுமைக் கதிரும் சோளப் பையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தெய்வம். 31 அடி உயரச் சிலை, முகம் கிடையாது. அவ்வளவு உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று செதுக்கவில்லையாம். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. நீங்கள் யாருக்கும் தெரியாத மொட்டை மாடிச் சுவரின் பின்பக்கத்தைக்கூடக் கரண்டியால் தேய்த்து முடிப்பீர்கள். அதே தெருவில்தான் 1885-இல் ஜென்னி என்பவர் இரும்புச் சட்டத்தை வைத்து 10 மாடி எடுத்திருக்கிறார். உலகத்தின் முதல் வானளாவி என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். 1931-இல் இடித்துவிட்டார்கள்.

1871 அக்டோபரில் இந்த ஊரின் நடுப்பகுதியே எரிந்துபோனது அப்பா. பெரும்பாலும் மர வீடுகள், மரத்தாலான நடைபாதைகள். சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகு நடு ஊரில் எரியாத பொருளில் கட்ட வேண்டியதாயிற்று. இந்தச் செங்கல்லும் இரும்பும் சுடுமண் ஓடும் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம்.

அப்புறம், ரயில் ஓடும் இரும்புப் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தால் வில்லிஸ் டவர். 110 மாடி, 442 மீட்டர். ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு மாதிரி எழும்பி, வெவ்வேறு உயரங்களில் நின்றுவிடுகின்றன. இந்த முறையைக் கண்டுபிடித்தவர் நம் பக்கத்து மனிதர். பஸ்லுர் ரஹ்மான் கான், 1929-இல் டாக்காவில் பிறந்தவர். 1952-இல் அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவர், பிற்பாடு இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். அந்தத் தெருமுனையில் அவர் பெயரில் பலகை வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் நின்று தண்ணீர் குடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

அவர் வேலையை உங்களுக்குச் சரியாகப் புரியவைப்பது இன்னொரு கட்டடம். 1969-இல் எழும்பியது, 2018 வரை ஹான்காக் சென்டர் என்று பெயர், 100 மாடி, 1,127 அடி. ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் வரும். கறுப்புக் கட்டடம், வெளிப்புறம் முழுக்க மாடிக்கணக்கில் பெருக்கல் குறி போட்ட மாதிரி இரும்பு. இன்ஜினியர் அதை விளக்க ஆரம்பித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டும்போது நேர்க்கம்பும் படுக்கைக் கம்பும் மட்டும் போதாது, காற்றுக்கு ஆடும் என்று குறுக்கே இரண்டு கம்பு வைத்து நார்க்கயிற்றால் இறுக்குவீர்களே, அதேதான். ஏரிக்காற்று வந்து மோதும்போது அந்தக் குறுக்கு இரும்புதான் பாரத்தை வாங்கிக் கீழே இறக்குகிறது. கட்டடத்தின் வெளிக்கூடே எலும்பாக நிற்பதால் உள்ளே இரும்பும் குறைவாகப் போதும். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் அப்பா இதைக் கயிற்றால் செய்வார் என்று சொன்னேன். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு, எந்தக் கயிறு, எத்தனை சுற்று என்று கேட்டார். எத்தனை சுற்று அப்பா?

நடுவில் ஆற்றை விட்டுவிட்டேன். ஆற்றங்கரையில் இரண்டு மக்காச்சோளக் கதிர் மாதிரி மெரினா சிட்டி நிற்கிறது. கீழே 19 மாடி கார்கள் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை, மேலே வீடுகள். பாலம் தாண்டினால் ட்ரிப்யூன் டவர். அதன் சுவரில் உலகத்துக் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த கற்களைப் பதித்திருக்கிறார்கள், தாஜ்மகால் கல்லும் உண்டு. எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ தொட மனசு வரவில்லை.

ஆற்றங்கரையில் கேட்ட ஒன்று உங்களுக்காகவே. 1850-களில் இந்த ஊர் ரொம்பத் தாழ்வாக, சேறாக இருந்ததாம். சாக்கடை போட வழியில்லை. அதனால் தெருவையே மண் கொட்டி உயர்த்திவிட்டு, கட்டடங்களைத் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். 1860-இல் ஒரு தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்களை 6,000 ஜாக்கி வைத்து, ஆட்கள் விசிலுக்கு விசில் திருப்பி, ஒரே சீராக ஏற்றினார்களாம். உள்ளே கடைகள் நடந்துகொண்டே இருந்தனவாம். சென்னையில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கியதைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினீர்களே!

திரும்பும்போது மிச்சிகன் ஏரிக்கரை. ஏரி என்றதும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை நினைக்காதீர்கள். பாம்பனில் நின்று பார்ப்பது மாதிரி, அக்கரையே தெரியாது. எதிர்க்காற்றில் கடைசி இரண்டு கிலோமீட்டர் கால் பாறையாகிவிடும். முடிகிற இடம் ஆர்ட் இன்ஸ்டிட்யூட், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கம். 1893 செப்டம்பர் 11-ஆம் தேதி விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அன்றைய மண்டபம் இப்போது இல்லை, வாசல் தெருவுக்கு மட்டும் அவர் பெயரும் வைத்திருக்கிறார்கள். அவரை இங்கே அனுப்பத் துணைநின்றவர் நம் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. திரும்பி வந்து 1897 ஜனவரியில் விவேகானந்தர் இறங்கியதும் பாம்பனில். இந்தப் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்கும்போது ஊர் அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

தம்பியின் போனுக்கு நாலு படம் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது படத்தில் மொனாட்நாக்கின் மூலை இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். மழுங்கத் தொடங்கும் இடத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் செங்கல்லின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அவ்வளவு உயரத்துக்கு நூல் பிடித்தது எப்படி, தூக்குக்குண்டை எங்கே தொங்கவிட்டிருப்பார்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதுங்கள். கயிற்றுக் கணக்கையும் மறக்காதீர்கள். அடுத்த ஞாயிறு இன்ஜினியர் கேட்பார்.

காது டாக்டரிடம் இந்த வாரமே போய்வாருங்கள். சாரத்தில் ஏறாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்