மேளத்தை அடக்கி வாசித்தவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும்,

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வீடு வீடாக வந்து சொல்லியிருக்க வேண்டும். வந்தால் நான் அழுவேன், நீங்கள் காபி போட ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 22 வயதில் ஆரம்பித்தது, இப்போது 39. இந்தப் பதினேழு வருடத்தில் அம்மா ஒரு கல்யாணத்துக்குக்கூட வெளியூர் போய்த் தங்கியதில்லை. நான் திருவொற்றியூரில் வாக்கப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை வந்து மீன் குழம்பு வைத்துவிட்டுக் கிளம்புகிற அக்கா, அவ்வளவுதான். மற்ற ஆறு நாளும் அவனைப் பார்த்துக்கொண்டது அம்மாவும் நீங்களும்.

முதலில் சாவு வீட்டுச் சங்கதி. நம்ம பக்கத்தில் சாவு என்றால் சட்டி மேளம், கானா, வெடி, ஆட்டம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று பேசுவார்கள். தம்பிக்கோ சத்தம் ஆகாது. இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவது போலக் கேட்கும். அதோடு இரண்டு ராத்திரி தூக்கமும் கெட்டால் பழையபடி ஆகிவிடும். இது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு இருந்த நிலைமையில் வாயைத் திறந்து யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

விடியற்காலையில் யாரோ சட்டியைக் காய்ச்சி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்கள். தம்பி மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அதைப் பார்த்தது கேரம் கிளப் பையன்கள். நேராக மேளக்காரர்களிடம் போய்ப் பேசியது அவர்கள்தான். தெருப் பெரியவர் ஒருவருக்குக் கோபம். "தெருவுக்கே சோறு போட்ட பொம்பளைய அனாதப் பொணம் மாதிரி தூக்கறதா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. அப்போது மேளக்கார அண்ணன், "தெருவுல வேணாம் பெரியவரே. மெயின் ரோட்டுக்குப் போய் அடிக்கிறோம். அம்மாவுக்கு அங்கிருந்தும் கேக்கும்" என்றார்.

தம்பியை ஆட்டோவில் முன்னாலேயே அனுப்பிவிட்டோம். சட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்துப் பேர் சத்தமே இல்லாமல் அம்மாவுக்கு முன்னால் நடந்தார்கள். டி.எச். ரோடு திரும்பியதும் அடித்தார்கள் பாருங்கள். அப்படி ஒரு அடியை நான் கேட்டதில்லை. மேளக்கார அண்ணன் மறுநாள் வந்து, பாதி வழிதானே அடித்தோம் என்று அட்வான்ஸில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றேன். திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொள்ளி விஷயத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் பேசியதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த நேரத்தில் அவன் ஏதாவது பண்ணிவிட்டால் என்ன செய்வது, அக்கா பிள்ளை வைக்கட்டும் என்றார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் எங்கள் யாரையும் கேட்கவில்லை. தம்பியிடமே, "நீதான் மூத்த புள்ளையா?" என்றார். "ஒரே புள்ள" என்றான். "அப்ப வா." ஒவ்வொன்றையும் ஒரு தடவை சொன்னார், சொல்லிவிட்டு அவன் செய்யும்வரை காத்திருந்தார். மூன்று சுற்று, குடத்தில் மூன்று ஓட்டை. தம்பி உதட்டசைத்து எண்ணிக்கொண்டே சுற்றினான். "தோள்ல தண்ணி சில்லுனு பட்டுச்சுக்கா" என்று ராத்திரி சொன்னான். அம்மா போன பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த நான்கு ராத்திரியும் கிளப் பையன்கள் முறை வைத்து வந்து அவனுக்கு இரண்டு பக்கமும் பாய் போட்டுப் படுத்தார்கள். ஒன்பது மணிக்கு மாத்திரை, பத்து மணிக்கு லைட் அணைத்தாயிற்று. செல்போன்கூடப் பார்க்கவில்லையாம். அதை நான் முழுசாக நம்பவில்லை.

அப்புறம் இட்லிக் கடை ஆயா. வியாதி வந்த புதிதில் தம்பி மாத்திரை வேண்டாம் என்பான். அம்மா வேறு வழி தெரியாமல் இட்லிக்குள் பொடித்து வைத்தார். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஓ.பி. நர்ஸம்மா, "ஏமாத்திக் குடுத்தீங்கன்னா அப்புறம் சோத்தையே சந்தேகப்படுவான், சொல்லித்தான் குடுக்கணும்" என்றார். அது எங்களுக்குக் காலம் கடந்து கிடைத்த புத்தி. ஆயா கடையில் போய் நின்றான், அங்கேயும் கை நீட்டவில்லை. ஆயா அவன் தட்டு இட்லியின் நடுவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி அவன் எதிரிலேயே வாயில் போட்டுக்கொண்டார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வாரம் தினமும் அப்படித்தான். காசும் கறாராக வாங்கிக்கொண்டார். ஓசி என்றிருந்தால் அவன் அதையும் சந்தேகப்பட்டிருப்பான்.

ஆட்டோ அண்ணனை விட முடியுமா? தம்பிக்கு வைத்தியம் பார்க்கும் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி 1794-இல் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்களுக்குப் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்றால் இன்னமும் வசவு, சினிமாவில் காமெடி. ஸ்டாண்டில் எல்லோரும் அப்படிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றானாம். அன்றோடு அண்ணன் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார். குளோசபின் மாத்திரை தொடங்கும்போது வெள்ளை அணு குறைகிறதா என்று முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுப்பார்கள். பதினெட்டு வாரமும் "ஆபீஸ் போலாமா சார்?" என்று வாசலில் ஹாரன் அடித்தவர் அவர். பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, ஓட்டேரி, எப்போதும் அதே வழிதான். வழி மாறினால் தம்பி பயந்துவிடுவான்.

2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மாத்திரை டப்பா நனைந்து கூழானது. அந்த மாத்திரையை இரண்டு நாளுக்கு மேல் விட்டால் பழைய அளவில் தொடரக் கூடாது, குறைந்த அளவிலிருந்து திரும்ப ஏற்ற வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் பழைய சீட்டை எடுத்துப்போய் மாத்திரையைத் தலைக்கு மேல் பிடித்துக் கொண்டுவந்த மருந்துக்கடைத் தம்பி, உன் கல்யாணத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வருவோம்.

இனிமேல் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறீர்கள். போன வாரம் தம்பியோடு உட்கார்ந்து அதைப் பேசினேன். 2017 மனநலச் சட்டப்படி, தனக்காகப் பேச வேண்டிய ஆளை நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம். முதலில் ஆயா பெயரைச் சொன்னான். ஆயா "எனக்கே ஆள் வேணும்டா" என்றுவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, "ராத்திரி போன் பண்ணா எடுப்பியா?" என்றான். எடுப்பேன் என்றேன். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான். இரண்டு ராத்திரி, இரண்டு மணிக்கு.

இந்த மடலையும் அவனிடம் படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இட்லியின் ஓரத்தில் கிள்ளியதாக எழுதியிருந்தேன். ஓரம் இல்லை, நடுவில் என்றான். திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா